புள்ளியை நகர்த்துவதா, கேமராவைத் திருப்புவதா?

தீபாவளிக்கு முந்தைய வாரம் சிங்கப்பூரின் பஃபலோ ரோட்டில் மாலை கட்டும் பெரியவர் ஒருவரைப் படமெடுக்க அனுமதி கேட்டேன். தலையை அசைத்துவிட்டு அவர் வேலையைத் தொடர்ந்தார். நான் அமைத்த சட்டகத்தில் அவருடைய முகம் வலது மேற்பகுதியில் இருந்தது; மல்லிகையை நாரில் முடியும் விரல்கள் இடது கீழ்ப்பகுதியில் இருந்தன; இரண்டுக்கும் நடுவே, சரிபாதியில், தொங்கும் சாமந்திச் சரங்களைத் தவிர வேறெதுவும் இல்லை. 35 மி.மீ. லென்ஸ், எஃப்/2 அப்பெர்ச்சர் (லென்ஸின் திறப்பு; எண் சிறிதானால் திறப்பு பெரிது), விரல்களுக்கும் எனக்கும் இடையே ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைவான தூரம். கேமராவை அதன் போக்கில் விட்டபோது அது முதலில் சாமந்தியைப் பிடித்தது, பிறகு முகத்தைப் பிடித்தது. எனக்கு வேண்டியது விரல்கள்.

இப்படிப்பட்ட இடங்களில் ஃபோகஸ் எங்கே விழ வேண்டும் என்பதைக் கேமராவுக்குத் தெரிவிக்க இன்று நான்கு வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன. நடுப்புள்ளியால் பொருளைப் பிடித்து, ஷட்டர் பொத்தானைப் பாதி அழுத்தியபடியே கேமராவைத் திருப்பிச் சட்டகத்தை அமைப்பது பழைய வழி. சட்டகத்தை முதலில் அமைத்துவிட்டு, ஒற்றைப் புள்ளியை ஜாய்ஸ்டிக்கால் வேண்டிய இடத்துக்கு நகர்த்துவது இரண்டாவது. கண்ணையோ முகத்தையோ பறவையையோ கேமராவே கண்டறியும்படி விடுவது மூன்றாவது. பொருளை நடுவில் வைத்தே எடுத்து, பிறகு கணினியில் வெட்டிக்கொள்வது நான்காவது. இவற்றை ஃபோகஸ் துல்லியத்தை மட்டும் அளவுகோலாக வைத்து ஒப்பிடுவதே வழக்கமாக இருக்கிறது. ஒவ்வொரு வழியும் நம்முடைய சட்டகத்தை எப்படி மாற்றிவிடுகிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் எதைத் தேர்ந்தெடுப்பது என்ற கேள்விக்குச் சரியான விடை கிடைக்கும் என்பது என் கருத்து.

முதல் வழி ஒரு காலத்தில் உத்தியாக அல்ல, கட்டாயமாகவே இருந்தது. 1985-இல் வெளிவந்து தானியங்கி ஃபோகஸை, உள்ளே இருக்கும் கண்ணாடி வழியே காட்சியைக் காட்டும் எஸ்எல்ஆர் கேமராக்களில் நிலைநிறுத்திய மினோல்டா 7000-இல் ஃபோகஸ் பகுதி நடுவில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. பிற்பாடு புள்ளிகள் பெருகினாலும், அவற்றின் டிஜிட்டல் வடிவமான டிஎஸ்எல்ஆர் வகையில் ஃபோகஸ் உணரி அந்தக் கண்ணாடிக்குக் கீழே தனியாக இருப்பதால், புள்ளிகள் எல்லாம் நடுப்பகுதியிலேயே கூடியிருந்தன. 2012-இல் வந்த கேனன் 6டி-யில் 11 புள்ளிகள் உண்டு. ஆனால் குறுக்கு, நெடுக்கு என்ற இரு திசைகளிலும் விவரத்தை உணரும் புள்ளி நடுவில் இருப்பது மட்டுமே. கோயில் உள்மண்டபத்தின் மங்கிய வெளிச்சத்தில் அந்த நடுப்புள்ளி சட்டென்று பிடிக்கும். ஓரப்புள்ளிகள் முன்னும் பின்னும் தேடித் தடுமாறும். பெனின்சுலா வட்டாரக் கடைகளில் அப்படியொரு பழைய கேமராவைக் குறைந்த விலைக்கு வாங்கி வைத்திருப்பவருக்கு, "புள்ளியை நகர்த்துங்கள்" என்று பொதுவாகச் சொல்லப்படும் அறிவுரை பாதி அளவுக்குத்தான் பொருந்தும். கண்ணாடியே இல்லாத மிரர்லெஸ் கேமராவில் படம் பதியும் உணரியின் மேலேயே ஃபோகஸ் புள்ளிகள் அமைந்திருப்பதால் அந்தத் தடை இல்லை. 2018-இன் சோனி ஏ7 III-இல் 693 புள்ளிகள் சட்டகத்தின் 93 விழுக்காட்டுப் பரப்பை நிறைக்கின்றன.

நடுப்புள்ளியில் பிடித்துத் திருப்புவதில் ஒரு வடிவியல் பிழை இருக்கிறது என்பது பலரும் கேள்விப்பட்டதுதான். அதன் அளவை மட்டும் பெரும்பாலானோர் கணக்குப் போட்டுப் பார்ப்பதில்லை. ஃபோகஸ் என்பது ஒரு புள்ளி அன்று, கேமராவுக்கு முன்னால் உணரிக்கு இணையாக நிற்கும் ஒரு கண்ணாடிப் பலகையைப் போன்ற தளம். கேமராவைத் திருப்பினால் அந்தத் தளமும் கூடவே திரும்புகிறது. கண்ணை நடுவில் பிடித்துவிட்டுக் கேமராவைத் திருப்பும்போது, கண் இருந்த இடத்திலேயே இருக்க, தளம் கண்ணுக்குப் பின்னால் போய்விடுகிறது. கண் மங்கி, காது கூர்மையாக வரும். பின்னால் போகும் அளவு, தூரத்தை ஒன்றிலிருந்து திருப்பிய கோணத்தின் கோசைனைக் கழித்து வருவதால் பெருக்கினால் கிடைக்கும்.

85 மி.மீ. லென்ஸை எஃப்/1.8-இல் வைத்து, 1.5 மீட்டர் தூரத்தில் இருப்பவரின் கண்ணை நடுவிலிருந்து, சட்டகத்தை மூன்று சம பாகமாகப் பிரிக்கும் மூன்றிலொரு கோட்டுக்குக் கொண்டுபோகிறோம் என்று வைத்துக்கொள்வோம். 36 மி.மீ. அகலமுள்ள ஃபுல்ஃபிரேம் உணரியில் அது 6 மி.மீ. நகர்வு, கேமரா திரும்புவது ஏறக்குறைய 4 பாகை. தளம் பின்னால் போவது 4 மி.மீ.க்கும் குறைவு. அந்த அமைப்பில் கூர்மையாகத் தெரியும் ஆழமோ முன்னும் பின்னும் ஏறத்தாழ 17 மி.மீ. ஆகவே எந்தக் கேடும் இல்லை. இப்போது 35 மி.மீ. லென்ஸை எஃப்/1.4-இல் வைத்து, 60 செ.மீ. தூரத்தில் உள்ள பொருளை மூன்றிலொரு கோட்டையும் தாண்டி, நடுவிலிருந்து 10 மி.மீ. தள்ளி வைக்கிறோம். கோணம் 16 பாகை. தளம் 23 மி.மீ. பின்னால் போகிறது, கூர்மை ஆழம் ஒரு பக்கத்துக்கு 12 மி.மீ. மட்டுமே. படம் கெட்டது.

நீண்ட லென்ஸில்தான் இந்த ஆபத்து அதிகம் என்று பலர் நினைக்கிறார்கள். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் நினைத்திருந்தேன். கணக்கை எழுதிப் பார்த்தால் லென்ஸின் குவியத்தூரம் (35, 85 என்ற அந்த மி.மீ. எண்) இரு பக்கமும் அடிபட்டுப் போய்விடுகிறது. மிஞ்சுவன மூன்று: சட்டகத்தில் பொருளை எவ்வளவு தள்ளுகிறோம், அப்பெர்ச்சர் எவ்வளவு திறந்திருக்கிறது, பொருள் எவ்வளவு அருகில் இருக்கிறது. தள்ளும் அளவு இரட்டித்தால் பிழை நான்கு மடங்காகும். தூரம் பாதியானால், கூர்மை ஆழத்தோடு ஒப்பிட்ட பிழை இரு மடங்காகும். அகல லென்ஸ்காரர்கள் பொருளுக்கு அருகில் போவதாலும், பொருளை ஓரத்தில் வைக்க விரும்புவதாலும்தான் அவர்களே இதில் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். கேமராவைத் திருப்பாமல், உடம்போடு பக்கவாட்டில் நகர்த்தினால் தளம் திரும்பாது, பிழையும் வராது. ஆனால் பொருளுக்குப் பின்னால் இருப்பவை இடம் மாறிவிடும்.

இந்த மில்லிமீட்டர்களைவிடப் பெரிய எதிரி நம்முடைய உடம்பின் ஆட்டம். ஃபோகஸைப் பூட்டியபின் சட்டகத்தைச் சரிசெய்துகொண்டிருக்கும் அந்த ஓரிரு விநாடியில், ஞாயிற்றுக்கிழமை மாலை தேக்கா வட்டார நெரிசலில் யாராவது தோளில் இடித்தால் இரண்டு செ.மீ. நகர்ந்துவிடுவது வெகு எளிது. ஃபோகஸை விடாமல் திருத்திக்கொண்டே இருக்கும் தொடர் ஃபோகஸ் முறையில் கேமரா இருந்தால் நிலைமை இன்னும் மோசம். திருப்பியவுடன் அது நடுவில் இருக்கும் பின்னணியைப் பிடித்துவிடும். ஃபோகஸை ஷட்டர் பொத்தானிலிருந்து விலக்கிப் பின்பக்கப் பொத்தானுக்கு மாற்றிக்கொண்டவர்களுக்கு இந்தக் கடைசித் தொல்லை இல்லை: கட்டைவிரலை எடுத்தால் ஃபோகஸ் நின்றுவிடும். நடுப்புள்ளி வழியையே தொடரப் போகிறவர்கள் இந்த மாற்றத்தையாவது செய்துகொள்வது நல்லது.

இனி சட்டகத்தின் பக்கத்திலிருந்து பார்ப்போம். நடுப்புள்ளி வழியில் சட்டகம் கடைசியில்தான் அமைகிறது. பொருளைப் பிடித்தாகிவிட்டது என்ற நிம்மதியில் மனம் அவசரப்படும். மூலையில் நீட்டிக்கொண்டிருக்கும் குப்பைத்தொட்டியையோ, தலைக்குப் பின்னால் முளைத்திருக்கும் விளக்குக் கம்பத்தையோ கண் கவனிக்காது. அதைவிட முக்கியமாக, திருப்பச் சோம்பல்பட்டு எல்லாப் பொருளையும் நடுவுக்கு அருகிலேயே விட்டுவிடும் பழக்கம் நம்மை அறியாமல் படிந்துவிடும். என்னுடைய பழைய படங்களைத் திரும்பப் பார்க்கும்போது, முகங்கள் எல்லாம் ஒரே உயரத்தில், நடுவிலிருந்து ஒரு சாண் தள்ளி நிற்பதைக் காண்கிறேன். மூன்றிலொரு விதியை 1797-இலேயே ஆங்கில ஓவியர் ஜான் தாமஸ் ஸ்மித் எழுத்தில் வைத்துவிட்டார். என் படங்களோ அந்த விதியைப் பின்பற்றியவையும் அல்ல, மீறியவையும் அல்ல. ஃபோகஸ் எவ்வளவு தூரம் விட்டதோ அவ்வளவு தூரம் போனவை.

புள்ளியை நகர்த்தும் வழி இந்த வரிசையைத் தலைகீழாக்குகிறது. முதலில் சட்டகம், பிறகு புள்ளி, அதன்பின் காத்திருப்பு. சிராங்கூன் சாலைக் கடைவீடுகளின் ஐந்தடி நடைபாதையில் மாலை நான்கு மணிக்கு மேல் தூண்களுக்கு இடையே வெயில் பட்டையாக விழும். அந்த வெளிச்சம் சட்டகத்தின் இடது கால்பகுதியில் வரும்படி நின்று, புள்ளியை அங்கே கொண்டுபோய் வைத்துவிட்டு, யாராவது அந்த வெளிச்சத்துக்குள் நுழையும் வரை கேமராவை அசைக்காமல் இருக்கலாம். நான்கு ஓரங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்துத் திருத்த நேரம் கிடைக்கிறது. எனக்கு இந்த வழி பிடித்துப்போனதற்கு ஃபோகஸ் துல்லியத்தைக் காட்டிலும் இந்த அவகாசமே காரணம்.

இதற்கும் குறைகள் உண்டு. ஜாய்ஸ்டிக்கைத் தட்டித் தட்டி ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்குப் போவதற்குள் ஓடும் குழந்தை சட்டகத்தைவிட்டே போய்விடும். தொடுதிரையில் விரலை இழுத்து நகர்த்துவது விரைவானதுதான், ஆனால் என்னைப்போல இடக்கண்ணால் பார்ப்பவருக்கு மூக்கும் திரையைத் தொடும். புள்ளி தானாகவே மூலைக்கு ஓடிப்போய் நிற்பதன் காரணம் புரிய எனக்குச் சில வாரங்கள் ஆயின. திரையின் ஒரு பாதி மட்டும் தொடுகைக்கு இணங்கும்படி அமைக்கும் வசதி பல கேமராக்களில் இருக்கிறது. படுக்கை வாட்டத்துக்கும் நெடுக்கு வாட்டத்துக்கும் தனித்தனியாகப் புள்ளியின் இடத்தை நினைவில் வைக்கும் அமைப்பும் இருக்கிறது. இந்த வழியைத் தேர்ந்தெடுப்பவர் முதல் நாளே அதை இயக்கிவிட வேண்டும்.

புள்ளியின் இயல்பையும் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. பெரும்பாலான மிரர்லெஸ் கேமராக்களின் ஃபோகஸ் புள்ளிகள் செங்குத்துக் கோடுகளை நன்றாகவும் கிடைக்கோடுகளை அரைகுறையாகவும் உணர்கின்றன. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி ஒன்றைக் கீழிருந்து எடுக்கும்போது, தாழ்வாரச் சுவர்கள் அடுக்கடுக்காகக் கிடைக்கோடுகளாக மட்டுமே தெரிய, புள்ளி பிடிக்காமல் தடுமாறுவதைப் பார்க்கலாம். கேமராவைச் சற்றே சாய்த்துப் பிடித்துவிட்டு நேராக்கினால் போதும். பட்டுச்சேலையின் கிடையான கரையிலும் இதே கதைதான். கட்டத்தைச் சிறிதாக வைத்தால் வேண்டிய இடம் துல்லியமாகக் கிடைக்கும், ஆனால் கறுத்த முடி, வெறும் சுவர் போன்ற இடங்களில் பிடிமானம் கிடைக்காது. பெரிதாக வைத்தால் கண்ணுக்குப் பதில் பளபளக்கும் நெற்றிச்சுட்டியைப் பிடித்துக்கொள்ளும்.

குளிரூட்டிய எம்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து வெளியே வந்த முதல் சில நிமிடங்களுக்கு இந்த ஊரில் எந்தப் புள்ளியும் எதையும் பிடிக்காமல் போகலாம். லென்ஸின் முன்கண்ணாடியில் ஆவி படர்ந்திருப்பதை முதலில் பாருங்கள். ஃபோகஸ் அமைப்பைக் குறைசொல்வது அப்புறம்.

மூன்றாவது வழியான கண் கண்டறிதல் வந்த பிறகு மற்றவை எல்லாம் பழங்கதை என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதில் பெரும்பகுதி உண்மை. ஒருவர் மட்டும் இருக்கும் படம், திருமண மேடையில் மணமக்கள், அடுக்குமாடியின் திறந்த கீழ்த்தளமான வாய்ட் டெக்கில் ஓடியாடும் பிள்ளைகள் என்று வந்துவிட்டால் எந்த மனிதக் கட்டைவிரலும் அதற்கு ஈடாகாது. கண் சட்டகத்தில் எங்கே இருந்தாலும் கேமரா பின்தொடர்வதால், முகத்தைத் துணிந்து மூலையில் வைக்க முடிகிறது. சுங்கை பூலோ சதுப்புநிலத்தில் பறக்கும் கொக்கைப் பறவை கண்டறிதல் இல்லாமல் எடுத்த காலத்துக்குத் திரும்பிப் போக எனக்கு விருப்பமில்லை. குறுக்கே கண்டல் கிளைகள் வந்தால் மட்டும் அது சில நேரம் கிளைக்குத் தாவிவிடும்.

ஆனால் கேமராவுக்குத் தெரிந்தது கண் எங்கே இருக்கிறது என்பதுதான். படம் எதைப் பற்றியது என்பது அதற்குத் தெரியாது. என் அக்காள் மகளின் அரங்கேற்றத்தை எடுக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. மை தீட்டிய கண்கள், மேடை வெளிச்சம். கண் கண்டறிதலுக்கு இதைவிட வசதியான இடம் அமையாது என்று நம்பி முழுவதையும் அதனிடமே ஒப்படைத்தேன். அலபத்ம முத்திரையோடு கை முன்னால் நீளும் கணங்களில் எல்லாம் கேமரா கையை மங்கவைத்துக் கண்ணையே கூர்மையாக்கியிருந்தது. அந்தப் படங்களில் விரிந்த தாமரையாக இருக்க வேண்டியது வெறும் நிறத்தீற்றலாக வந்தது. அவள் முகம் பக்கவாட்டில் திரும்பியபோதெல்லாம், மேடை ஓரத்தில் அமர்ந்து நட்டுவாங்கம் செய்த ஆசிரியையின் முகத்துக்கு ஃபோகஸ் தாவியிருந்தது. "மாமா, டீச்சர் ரொம்ப அழகா வந்திருக்காங்க" என்று அவள் சொன்னதில் பாராட்டு எவ்வளவு, குத்தல் எவ்வளவு என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

தைப்பூசத்தன்று பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில் வரை நடக்கும் ஊர்வலத்தில் இந்தச் சிக்கல் இன்னும் கூடும். காவடியின் மயிற்பீலி முகத்துக்கு முன்னால் அசையும். கன்னத்தில் குத்திய அலகும் நெற்றி நிறைந்த திருநீறும் முகத்தின் வழக்கமான தோற்றத்தை மறைக்கும். பின்னால் பத்து உறவினர்களின் முகங்கள் தெளிவாகத் தெரியும். கேமரா அந்தப் பத்தில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிடும். பால்குடம் ஏந்திய பெண்ணின் படத்தில் குடத்தைப் பற்றியிருக்கும் கைகளே படமாக இருக்கலாம். அது நாம் சொன்னாலன்றி நடக்காது. கண்ணால் பார்க்கும் இடத்துக்கே புள்ளியைக் கொண்டுபோகும் முயற்சியும் ஒன்று உண்டு: கேனன் 1992-இல் ஈஓஎஸ் 5 ஃபிலிம் கேமராவில் அதைத் தந்து, பிற்பாடு கைவிட்டு, 2021-இல் ஆர்3-இல் திரும்பக் கொண்டுவந்தது. எடுப்பவரின் எண்ணத்தைக் கேமராவுக்குச் சொல்வதில் அதுவே மிக நேரான வழி என்றாலும், விலையுயர்ந்த சில கேமராக்களுக்கு அப்பால் அது இன்னும் வரவில்லை.

வெட்டிக்கொள்ளும் வழியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. 24 மெகாபிக்சல் படம் என்பது 6000-க்கு 4000 புள்ளிகள். நடுவில் இருக்கும் பொருளை மூன்றிலொரு கோடுகள் சந்திக்கும் இடத்துக்குக் கொண்டுவர வேண்டுமானால், மிஞ்சக்கூடிய பெரிய சட்டகம் 4500-க்கு 3000, அதாவது 13.5 மெகாபிக்சல். 15-க்கு 10 அங்குல அச்சுக்கு அது தாராளமாகப் போதும். சற்றே அகலமான லென்ஸில் எடுத்துவிட்டு, இரவில் நிதானமாக வெட்டுவது அவசரமான தருணங்களுக்குக் கண்ணியமான வழிதான். தொல்லை என்னவென்றால், எடுக்கும் இடத்தில் சட்டகத்தைப் பற்றிச் சிந்திக்காதவருக்குக் கணினியின் முன் வெட்டுவதற்கு நல்ல பின்னணி கிடைத்திருக்காது. இரண்டடி இடப்பக்கம் நகர்ந்து நின்றிருக்க வேண்டும் என்பதை எந்த மென்பொருளும் செய்து தராது.

ஆகவே, பழைய டிஎஸ்எல்ஆர் வைத்திருப்பவர் மங்கிய வெளிச்சத்தில் தயங்காமல் நடுப்புள்ளியையே பயன்படுத்தலாம், எஃப்/2.8 அளவுக்கு மூடி, ஒன்றரை மீட்டருக்கு அப்பால் நின்றால், மூன்றிலொரு கோட்டுக்குத் திருப்பும் பிழை ஒரு பொருட்டே அல்ல. மிரர்லெஸ் வைத்திருப்பவருக்கு நான் சொல்வது, ஒற்றைப் புள்ளியை அடிப்படை நிலையாக வைத்துக்கொண்டு, கண் கண்டறிதலை முன்பக்கப் பொத்தான் ஒன்றுக்கு ஒதுக்குங்கள் என்பதே. அதற்கு நேர்மாறாக வைக்கும்படி சொல்பவர்கள் அதிகம். குழந்தைகளையும் திருமணங்களையும் மட்டுமே எடுப்பவருக்கு அவர்கள் சொல்வது சரி. மற்றவர்களுக்கு, முன்னிருப்பாக எது இயங்குகிறதோ அதன் வழியில்தான் நாளடைவில் கண்ணும் பார்க்கப் பழகும் என்பதால், கேமராவின் விருப்பத்தைவிட நம் விருப்பம் முன்னிருப்பாக இருப்பதையே நான் விரும்புகிறேன். கண் கண்டறிதலை அழைக்கும்போதும், புள்ளி இருக்கும் இடத்துக்கு அருகிலுள்ள முகத்தையே பிடிக்கும்படி கட்டுப்படுத்தி வைத்தால், தைப்பூசக் கூட்டத்தில் பத்து உறவினர்களில் யாரோ ஒருவரிடம் அது ஓடிப்போகாது.

பஃபலோ ரோட்டில் கடைசியில் நான் செய்தது இதுதான். சட்டகத்தை அசைக்காமல், புள்ளியை விரல்களின் மேல் வைத்து ஒன்று, முகத்துக்கு நகர்த்தி ஒன்று என இரண்டு படங்கள் எடுத்தேன். மாலையை முடித்துத் தொங்கவிட்ட பிறகு பெரியவரிடம் இரண்டையும் திரையில் காட்டி, எது நன்றாக இருக்கிறது என்று கேட்டேன். விரல்கள் கூர்மையாக இருந்த படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இது நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா அத அனுப்பு," என்று மற்றொன்றைக் காட்டினார். "இத ஊருக்கு அனுப்புனா, யாரு கைன்னு கேப்பாங்க."